பகைக்கும் கூட்டாளியோடு ஒரே விண்கலத்தில்: நிதானம் எப்படிக் காக்கப்படுகிறது?

தென்திசை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். கூட்டாளி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு ஒருநாள் வெளிப்படையாகவே பகைமை காட்டத் தொடங்குகிறது. அந்நாட்டுக்காரரோடு ஒரே கலத்தில் உண்டு, உறங்கி, வேலை செய்தாக வேண்டிய கட்டாயம் மட்டும் மாறவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இந்த இழையில் பேசலாம். கற்பனைக் கதைகளில் இது அடிக்கடி வரும் நிலைமைதான் என்றாலும், நம் காலத்திலேயே உண்மையில் நடந்த ஒன்று கண்முன் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏழு பேர் இருந்தார்கள்: நான்கு அமெரிக்கர், இரண்டு ரஷ்யர், ஒரு ஜெர்மானியர். அப்போது நிலையத்தின் கமாண்டராக இருந்தவர் ரஷ்யரான அந்தோன் ஷ்காப்ளெரோவ். அமெரிக்கர்களில் ஒருவரான மார்க் வாண்டெ ஹை அடுத்த மாதம் ஊர் திரும்ப வேண்டும். அதுவும் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில், இரண்டு ரஷ்யர்களோடு உட்கார்ந்து, கஜகஸ்தானில் இறங்க வேண்டும். அந்த நாட்களில் ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்காஸ்மாஸின் தலைவர் திமித்ரி ரோகோஸின், தாங்கள் ஒத்துழைக்காவிட்டால் நிலையம் கட்டுப்பாடிழந்து அமெரிக்காவின்மீதோ ஐரோப்பாவின்மீதோ விழாமல் யார் காப்பாற்றுவார்கள் என்று பொதுவெளியில் கேட்டார். இந்தியாவிலும் சீனாவிலும் விழ வாய்ப்புண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். வாண்டெ ஹையை மேலேயே விட்டுவிட்டு ரஷ்யப் பகுதி தனியே பிரிந்து போவதுபோல் தயாரிக்கப்பட்ட ஒரு காணொளியும் சுற்றிவந்தது. அந்த மனிதரின் வீட்டில் அதைப் பார்த்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மேலே நடந்ததோ வேறு. மார்ச் 29 அன்று ஷ்காப்ளெரோவ் பொறுப்பை அமெரிக்கரான தாமஸ் மார்ஷ்பர்னிடம் ஒப்படைத்தார். தரையில் மனிதர்களுக்கிடையே சிக்கல்கள் இருக்கலாம், சுற்றுப்பாதையில் நாங்கள் ஒரே குழு என்ற கருத்தில் பேசினார். மறுநாள் வாண்டெ ஹை 355 நாட்களை முடித்துக்கொண்டு ஷ்காப்ளெரோவ், பியோத்தர் துப்ரோவ் ஆகியோருடன் பத்திரமாகத் தரையிறங்கினார். போரைப் பற்றி அவர்களுடன் பேசுவதைத் தவிர்க்கவில்லை என்றும், அந்தப் பேச்சுகள் நீளவில்லை என்றும், கவனம் வேலையில்தான் இருந்தது என்றும் அவர் பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார்.

இதை அந்த மனிதர்களின் பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கு அது போதவில்லை. எதிர்ப்பை யார் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது, யார் சொல்லாமல் தன் வேலையைத் தொடர்வது என்ற பங்கீடு தெளிவாக இருந்ததால்தான் அந்தக் கலத்தில் நிதானம் நிலைத்தது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

சுற்றுப்பாதை

நல்ல இழை. தென்திசை சொல்லும் பங்கீட்டுக்கு அடியில் இன்னொரு பங்கீடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நிலையத்துக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதி அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. ரஷ்யப் பகுதிக்கும் அங்கிருந்தே செல்கிறது. நிலையம் எந்தத் திசை நோக்கி நிற்க வேண்டுமோ அந்தத் திசையில் அதை நிறுத்திவைப்பவை அமெரிக்கப் பகுதியில் இருக்கும் நான்கு பெரிய ஜைரோஸ்கோப் சக்கரங்கள். அவற்றின் தாங்கும் எல்லை முடியும்போது சுமையை வாங்கிக்கொள்பவை ரஷ்யப் பகுதியின் உந்துவிசை எஞ்சின்கள். அந்த உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருப்பதால் நிலையம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வரும். அதை மறுபடி மேலே தள்ளும் வேலையை வழக்கமாகச் செய்பவை ரஷ்யாவின் ப்ரோக்ரஸ் சரக்குக் கலங்கள். 1998 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட முதல் தொகுதியான ஸர்யா ரஷ்யாவில் கட்டப்பட்டது, அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கா. ஒருவர் விளக்கை அணைத்தால் மற்றவரால் இயங்க முடியாது. மற்றவர் எஞ்சினை நிறுத்தினால் இவருக்கு உயரம் நிற்காது.

1998 ஜனவரி 29 அன்று 15 நாடுகளுக்காகக் கையெழுத்தான அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம், எந்தக் கூட்டாளியும் விலகலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோபத்தில் எடுக்கும் முடிவு நடைமுறைக்கு வர ஓராண்டு ஆகும் என்பது சாதாரண ஏற்பாடு இல்லை. ரோகோஸின் எத்தனையோ முறை மிரட்டினார், அந்த அறிவிப்புக் கடிதம் மட்டும் வரவில்லை.

மிரட்டலைக் கேட்டு அமெரிக்கத் தரப்பு கைகட்டி உட்கார்ந்திருந்ததாகவும் எண்ண வேண்டாம். 2022 ஜூன் 25 அன்று சிக்னஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கலத்தின் எஞ்சினை இயக்கி நிலையத்தைச் சற்று உயர்த்திப் பார்த்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு நடந்த முதல் முயற்சி பாதியில் நின்றுபோனது. இரண்டாவது முயற்சி வெற்றி பெற்றது. கூட்டாளியைத் திட்டாமல், அவர் இல்லாமலும் ஓரளவு சமாளிக்க முடியுமா என்று சோதித்துவைத்துக்கொள்வதும் நிதானத்தின் ஒரு பகுதிதான். மாற்று வழி கையில் இருப்பவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை குறைகிறது.

செங்காந்தள்

இருவரும் சொன்னதைக் கவனமாகப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“மேலே எல்லோரும் நண்பர்கள், கீழே அரசியல்வாதிகள்தான் சண்டையிடுகிறார்கள்” என்ற சித்திரம் 2022 ஜூலை 4 அன்று உடைந்துவிட்டது. உக்ரைனின் கிழக்கிலுள்ள லுஹான்ஸ்க் பகுதியில் ரஷ்யப் படை பெற்ற வெற்றியைக் கொண்டாடும் வகையில், நிலையத்துக்குள்ளேயே மூன்று ரஷ்ய வீரர்கள் லுஹான்ஸ்க், தோனெத்ஸ்க் பிரிவினைப் பகுதிகளின் கொடிகளைப் பிடித்துச் சிரித்தபடி நிற்கும் படங்களை ரோஸ்காஸ்மாஸ் வெளியிட்டது. அந்த மூவர் ஒலெக் அர்தெமியெவ், டெனிஸ் மத்வேயெவ், செர்கெய் கோர்சகோவ். மார்ச் 18 அன்று மஞ்சளும் நீலமுமான உடையில் நிலையத்துக்குள் நுழைந்து, உக்ரைன் கொடியின் நிறமோ என்று உலகமே வியந்து பார்த்ததே, அதே மூவர்தான். கிடங்கில் மஞ்சள் துணி நிறைய சேர்ந்துவிட்டது, அதனால் இந்த நிறம் என்று அர்தெமியெவ் அன்று சொன்ன பதிலை எத்தனை பேர் சாதுரியமான மௌனம் என்று புகழ்ந்தார்கள்!

அந்தக் கொடிப் படம் எடுக்கப்பட்ட கலத்தில் அமெரிக்கர் மூவரும் இத்தாலியரான சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டியும் இருந்தார்கள். உக்ரைனில் வீடிழந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், பக்கத்து அறையில் இருந்த இந்த நால்வரின் நிதானத்தை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்? அடிபடாதவருக்கு நிதானம் காப்பது கடினமில்லை. எந்த விலைக்கு, யாருடைய விலைக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டு நிதானத்தைப் போற்ற முடியாது என்பதே என் வாதம்.

தென்திசை

செங்காந்தள் எழுப்பியது இந்த இழையிலேயே மிகக் கடினமான கேள்வி. தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

ஜூலை 7 அன்று நாசா ஓர் அறிக்கை வெளியிட்டது. உக்ரைனுக்கு எதிரான போரை ஆதரிக்கும் அரசியல் நோக்கத்துக்காக நிலையத்தைப் பயன்படுத்தியதை வன்மையாகக் கண்டிப்பதாகவும், அமைதியான அறிவியல் பணிக்காக 15 நாடுகள் சேர்ந்து நடத்தும் நிலையத்தின் அடிப்படை நோக்கத்துக்கே அது முரணானது என்றும் அதில் சொல்லப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் அது ஏற்கத்தக்கதல்ல என்றது. அந்த அறிக்கையில் அவதூறும் இல்லை, மிரட்டலும் இல்லை. செயல் எது, அது எந்த உடன்பாட்டுக்கு மாறானது என்பது மட்டும் இருந்தது. மூன்று நாள் தாமதத்தை நீங்கள் குறையாகக் கருதலாம். போர் என்ற சொல்லைச் சொல்லவே ரஷ்ய அரசு தடை விதித்திருந்த காலத்தில், உடன் பணிபுரியும் அதன் கூட்டாளி எழுத்தில் “போர்” என்றே எழுதியதை நான் சிறிய செயலாக எண்ணவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் நாள்வாரியாகப் பாருங்கள். ஜூலை 12 அன்று ஐரோப்பிய நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கான ரஷ்யக் கூட்டுத் திட்டத்தை முறைப்படி முடித்துக்கொண்டது. பதிலுக்கு ரோகோஸின், நிலையத்தில் இருக்கும் ஐரோப்பிய இயந்திரக் கையில் ரஷ்ய வீரர்கள் இனி வேலை செய்யக் கூடாது என்று ஆணையிடப்போவதாக அறிவித்தார். ஜூலை 15 அன்று அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு யூரி போரிசோவ் நியமிக்கப்பட்டார். அதே நாளில், அமெரிக்கக் கலத்தில் ரஷ்யரும் ரஷ்யக் கலத்தில் அமெரிக்கரும் பயணம் செய்யும் இருக்கைப் பரிமாற்ற உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஜூலை 21 அன்று, கொடி பிடித்த அதே அர்தெமியெவும் கிறிஸ்டோஃபொரெட்டியும் ரஷ்ய ஒர்லான் விண்வெளி உடையணிந்து கலத்துக்கு வெளியே ஏழு மணி நேரம் வேலை செய்தார்கள். எதில் வேலை செய்தார்கள் தெரியுமா? அந்த ஐரோப்பிய இயந்திரக் கையில்தான்.

வெற்றிடத்தில் ஒருவருடைய பாதுகாப்புக் கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா என்று மற்றவர் பார்க்க வேண்டும். கையுறையைக் கிழிக்கக்கூடிய கூர்மையான விளிம்பு கண்ணில் பட்டால் மற்றவரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கொடிப் படத்தைக் கிறிஸ்டோஃபொரெட்டி மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை அவருடைய நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகவே அவர் அதைக் கயிறு மாட்டும் வேலைக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. செப்டம்பர் 28 அன்று நிலையத்தின் பொறுப்பை அர்தெமியெவிடமிருந்து பெற்றுக்கொண்டவரும் அவரே.

நெய்தல்

கொடி ஒரு நாட்டுக்கு எதிரான அவமதிப்பு. தனி மனிதர்மீதே பழி விழுந்தால் என்ன செய்வது? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 29 இரவு, குழுவினர் தூங்கிக்கொண்டிருந்தபோது, நிலையத்தின் காற்றழுத்தம் மெல்லக் குறைவதைத் தரைக் கட்டுப்பாட்டு மையங்கள் கவனித்தன. உடனடி ஆபத்து இல்லை என்பதால் யாரையும் எழுப்பவில்லை. மறுநாள் காலை ஒவ்வொரு பகுதியாகக் கதவை மூடிப் பார்த்து, கடைசியில் நிலையத்தோடு இணைந்து நின்ற சோயுஸ் எம்எஸ்-09 கலத்தின் மேல்பகுதியில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளையைக் கண்டுபிடித்தார்கள். முதலில் நாடாவை ஒட்டினார்கள். பிறகு ரஷ்ய வீரர் செர்கெய் புரொகோபியெவ் துணியில் பசையைத் தோய்த்து அடைத்தார். இப்போதே அடைத்துவிடலாமா, இன்னும் யோசித்துச் செய்யலாமா என்பதிலேயே அமெரிக்கக் கமாண்டர் ட்ரூ ஃபாய்ஸ்டலுக்கும் மாஸ்கோவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. கலம் ரஷ்யாவுடையது என்பதால் மாஸ்கோவின் முடிவே நடந்தது.

அது எந்திரத்தால் துளைக்கப்பட்டதுபோல் இருக்கிறது, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று விசாரிக்கிறோம், விண்வெளியிலேயே நடந்திருக்கலாம் என்று ரோகோஸின் சில நாட்களில் சொல்லிவிட்டார். அதைத் தொடர்ந்து அமெரிக்க வீரர்கள்மீதே சந்தேகம் ரஷ்ய ஊடகங்களில் பரவியது. ஒரு கலத்தில் ஆறு பேர் இருக்கையில், உங்களில் ஒருவர்தான் கலத்தைத் துளைத்தார் என்று கீழேயிருந்து சொன்னால் அந்த அறுவரும் அன்றிரவு எப்படி ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்?

சாப்பிட்டார்கள், வேலையும் செய்தார்கள். குழுவுக்கும் துளைக்கும் சம்பந்தமில்லை என்று ஃபாய்ஸ்டல் ஒரு பேட்டியில் தெளிவாக மறுத்துவிட்டு, அதற்குமேல் யார்மீதும் பழி போடாமல் நிறுத்திக்கொண்டார். டிசம்பர் 11 அன்று ஒலெக் கொனொனெங்கோவும் புரொகோபியெவும் வெளியே சென்று, வெப்பக் காப்புப் போர்வையைக் கத்தியால் அறுத்துத் துளையை வெளிப்புறத்திலிருந்து ஆராய்ந்தார்கள். முழுதும் முடிய ஏழே முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிசம்பர் 20 அன்று புரொகோபியெவ், ஜெர்மானியரான அலெக்சாண்டர் கெர்ஸ்ட், ஓர் அமெரிக்க வீராங்கனை ஆகிய மூவரும் அதே கலத்தில் தோளோடு தோள் உரசி இறங்கினார்கள். துளை இருந்த மேல்பகுதி வழக்கம்போலப் பிரிந்து காற்றில் எரிந்துபோனது.

2021இல் அந்த வீராங்கனையைக் குறிவைத்தே ரஷ்யச் செய்தி நிறுவனம் ஒன்று பெயர் சொல்லாத அதிகாரியின் கூற்றாகப் பழியை மீண்டும் எழுப்பியபோது, நாசாவின் மனித விண்பயணப் பிரிவுத் தலைவர் கேத்தி லூடர்ஸ் வெளிப்படையாக மறுத்து அவர் பக்கம் நின்றார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பழி சுமத்தப்பட்டவரே தன்னைத் தற்காத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படவில்லை. தன் ஆளுக்காக மேலதிகாரி பேசாத நிறுவனத்தில் அந்த ஆளிடம் மட்டும் நிதானத்தை எதிர்பார்ப்பது கொடுமை.

கடலோடி

எனக்கு விண்வெளி தெரியாது. சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் பேசும் நிலைமையை 2022இல் கடலில் நேரில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உலகக் கப்பல் பணியாளர்களில் ஏறத்தாழ 14.5 சதவீதம் பேர் ரஷ்யரும் உக்ரைனியரும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். எங்கள் கப்பலில் சீஃப் எஞ்சினியர் ரஷ்யர். செகண்ட் எஞ்சினியர் ஒதேசாவைச் சேர்ந்த உக்ரைனியர். போர் தொடங்கிய செய்தி வந்தபோது நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு வாரப் பயணம். இருவரையும் பிரித்துவைக்க வழியில்லை, ஏனென்றால் எஞ்சின் அறையில் செகண்ட் எஞ்சினியர் ஒவ்வொரு நாளும் கணக்கு ஒப்படைக்க வேண்டியது சீஃபிடம்தான்.

அதுவரை இருவரும் ரஷ்ய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். செய்தி வந்த மறுநாள் காலை, கண்ட்ரோல் ரூமில் செகண்ட் எஞ்சினியர் இரவுப் பணியின் விவரத்தை ஆங்கிலத்தில் சொன்னார். எண்ணெய் சுத்திகரிக்கும் பியூரிஃபையரில் கசிவு, மாற்றப்பட்ட வாஷர், டேங்க் அளவு எல்லாமே ஆங்கிலத்தில். சீஃப் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்திலேயே இரண்டு கேள்விகள் கேட்டார், கையெழுத்திட்டார். அன்றிலிருந்து அவர் செகண்டிடம் ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

கேப்டன் செய்தவை இரண்டு. மெஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சிச் செய்தி வேண்டாம் என்றார். செகண்டைத் தனியே அழைத்து, வீட்டாரோடு பேச சாட்டிலைட் போனை எந்த நேரத்திலும் பயன்படுத்தலாம், கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். துறைமுகம் வந்ததும் இறங்கிக்கொள்ள விரும்பினால் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். செங்காந்தள் கேட்ட “யாருடைய விலைக்கு” என்ற கேள்விக்கு எங்கள் கேப்டன் தந்த பதில் அதுதான் என்று நினைக்கிறேன். இருவருக்கும் ஒரே விதி வைத்தார். ஆனால் இருவரும் ஒரே அளவு காயப்பட்டவர்கள் என்று பாவனை செய்யவில்லை.

செங்காந்தள்

கடலோடி அண்ணா, நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த செகண்ட் எஞ்சினியர் இறங்கிக்கொண்டாரா?

கடலோடி

இறங்கவில்லை அம்மா. ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருந்தார். விடைபெறும்போது சீஃபுக்குக் கை கொடுத்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் கொடுக்கவில்லை. ஒப்படைப்புக் குறிப்பு மட்டும் பதினொரு பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருக்குப்பின் வந்த செகண்ட் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டினார்.

பழைய வானொலி

1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்த செய்தியை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அன்று அவர்கள் கூட்டாளிகள்கூட இல்லை, ஒருவர்மீது ஒருவர் அணு ஏவுகணைகளைக் குறிவைத்திருந்த எதிரிகள். இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் அதிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

அதுவரை விண்கலங்கள் இணையும்போது ஒன்று நுழைக்கும் கலம், மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் கலம் என்றே வடிவமைப்பு இருந்தது. எந்த நாடு எந்தப் பாத்திரத்தை ஏற்பது என்பதே மானப் பிரச்சினை. விளாதிமிர் சிரொம்யாத்னிகோவ் முதலான சோவியத் பொறியாளர்களும் அமெரிக்கப் பொறியாளர்களும் சேர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த, எந்தக் கலமும் முனைந்து இணையக்கூடிய ஒரு பொறியை உருவாக்கினார்கள். ஜூலை 17 அன்று முதல் இணைப்பில் அப்பல்லோ முனைந்தது. ஜூலை 19 அன்று பிரிந்து மறுபடி இணைந்தபோது சோயுஸின் பொறி முனைந்தது. மானத்தைப் பற்றிய சண்டையை மேசையில் பேசித் தீர்ப்பதற்குப் பதில் உலோகத்திலேயே தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, காற்று. அப்பல்லோவுக்குள் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். சோயுஸுக்குள் நாம் சுவாசிப்பதுபோன்ற காற்று, முழு அழுத்தத்தில். ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே போனால் உடல் தாங்காது. அமெரிக்கர்கள் நடுவில் ஓர் இடைக்கூடத்தைக் கட்டினார்கள். சோவியத் தரப்பு தன் கலத்தின் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டது. அதனால் ஒருவரைச் சந்திக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த இடைக்கூடத்தில் கதவை மூடிக்கொண்டு, அழுத்தம் மாறும்வரை காத்திருந்துதான் அடுத்த கதவைத் திறக்க முடிந்தது.

கலத்தில் அப்பல்லோவின் கமாண்டர் தாமஸ் ஸ்டாஃபோர்டு ரஷ்ய மொழியில் பேசினார், சோயுஸின் கமாண்டர் அலெக்ஸி லியோனோவ் ஆங்கிலத்தில் பேசினார். கேட்பவரின் மொழியில் பேசுவது என்று வைத்துக்கொண்டதால் சொல்பவர் நிறுத்தி நிதானமாகத்தான் பேச முடிந்தது. 2019 அக்டோபரில் லியோனோவ் இறந்தபோது, 89 வயதான ஸ்டாஃபோர்டு ரஷ்யாவுக்குச் சென்று இறுதிச் சடங்கில் பேசினார்.

சுற்றுப்பாதை

பழைய வானொலி ஐயா சொன்ன மூடிய கதவு, அண்மைக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறது.

ரஷ்யப் பகுதியின் ஸ்வெஸ்தா தொகுதிக்கும் அதன் பின்புற இணைப்பு முகப்புக்கும் நடுவில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. 2019 முதல் பல ஆண்டுகள் அங்கே விரிசல்கள் வழியாகக் காற்றுக் கசிந்தது. காரணம் என்ன என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை: நுண்ணிய அதிர்வுகளால் உலோகம் களைத்துப்போனது என்று ரஷ்யப் பொறியாளர்கள் கருதினார்கள், அழுத்தம், உலோகத்தின் தன்மை, சூழல் எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன என்று நாசா கருதியது. ஆபத்தின் அளவிலும் ஒத்துப்போகவில்லை. தொடர்ந்து பயன்படுத்துவது பாதுகாப்பானது என்று ரஷ்யத் தரப்பு சொன்னது, அதை நாசா ஏற்கும்படி நிரூபிக்க முடியவில்லை. பாதுகாப்பற்றது என்று நாசா சொன்னது, அதை ரஷ்யர்கள் ஏற்கும்படி நிரூபிக்க முடியவில்லை. 2024 நவம்பரில் நாசாவின் ஆலோசனைக் குழுத் தலைவர் பாப் கபானா ஏறக்குறைய இதே கருத்தைப் பொதுக்கூட்டத்தில் பதிவு செய்தார்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எப்படி ஒன்றாக வாழ்ந்தார்கள்? காரணத்தில் உடன்படாமலே நடைமுறையில் உடன்பட்டார்கள். அந்த வழியின் கதவு, சரக்கு ஏற்றி இறக்கும் வேளை தவிர மூடியே இருந்தது. அதைத் திறக்க வேண்டிவந்தபோது, அமெரிக்கப் பகுதிக்கும் ரஷ்யப் பகுதிக்கும் இடையிலுள்ள கதவையும் மூடிவிட்டு, அமெரிக்கத் தரப்பினர் தங்கள் பக்கத்தில் இருந்துகொண்டார்கள். யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் நடுக்கதவு மறுபடி திறந்தது.

நம்மவர்கள் பலருக்கு இது 2025 ஜூனில் வேறு விதமாகத் தெரிய வந்தது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்துக்குச் சென்ற ஆக்ஸியம்-4 பயணம் பலமுறை தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்தத் தள்ளிவைப்புகளில் ஒன்றுக்குக் காரணம், இந்த வழியில் ரஷ்யர்கள் செய்த பழுதுபார்ப்புக்குப் பிறகு அழுத்தம் எப்படி இருக்கிறது என்று இரு தரப்பும் சரிபார்க்க எடுத்துக்கொண்ட கால அவகாசம். ஜூன் 25 அன்று கலம் புறப்பட்டது. இருவருக்கிடையிலான ஐயத்தால் மூன்றாம் நாட்டுக்காரர் சில நாட்கள் காத்திருக்க நேர்ந்தது, ஆனால் ஐயத்தை அடக்கிக்கொண்டு யாரும் அவரை அனுப்பிவைக்கவில்லை.

இருக்கைப் பரிமாற்றத்தைப் பற்றியும் ஒரு வரி. 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் குளிரூட்டும் திரவம் முழுதும் வெளியே பீய்ச்சியடித்துப் போனபோது, அதில் வந்திருந்த அமெரிக்கர் ஃப்ராங்க் ரூபியோவின் இருக்கைப் படுகையைப் பெயர்த்து அமெரிக்க டிராகன் கலத்தில் பொருத்தினார்கள். அவசரமாக இறங்க நேர்ந்தால் சூடேறும் சோயுஸில் ஓர் ஆள் குறைவது மீதமிருந்த இரண்டு ரஷ்யர்களுக்கும் நல்லது. மாற்றுக் கலமான எம்எஸ்-23 ஆளில்லாமல் ஏவப்பட்ட நாள் 2023 பிப்ரவரி 24. போர் தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு.

நெய்தல்

அந்த நடுக்கதவு விவரம் எனக்குப் புதிது, நன்றி. நிலையத்தின் குழு நடத்தை விதிகளையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். குழுவினர் ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கையும் மரியாதையும் காத்து, பல நாட்டினர் சேர்ந்த குழு என்பதை மனத்தில் வைத்து இணக்கமாக நடக்க வேண்டும் என்று அதில் எழுத்தாகவே இருக்கிறது. 2009இல் ரஷ்ய விண்வெளி வீரர் கெனாடி பதால்கா ஒரு ரஷ்ய நாளிதழிடம், யார் எந்தக் கழிப்பறையையும் உடற்பயிற்சிக் கருவியையும் பயன்படுத்தலாம் என்று தரையில் இருப்பவர்கள் கணக்குப் பார்த்துப் பிரித்தது குழுவின் மனநிலையைக் கெடுக்கிறது என்று குறைப்பட்டார். பெரிய மிரட்டல்களைத் தாங்கிய அந்த நிலையத்தில் மனக்கசப்பை வரவழைத்தவை இப்படிப்பட்ட சிறிய கணக்குகள்தான். கடலோடி சொன்ன சாட்டிலைட் போன் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. என் நிலையை எங்கே மாற்றிக்கொண்டேன், எங்கே மாற்றிக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்டோஃபொரெட்டி வெளியே சென்று வேலை செய்ததை இனிக் குறைசொல்ல மாட்டேன். அவருடைய நிறுவனமும் நாசாவும் எழுத்தில் கண்டித்துவிட்ட பிறகு அவர் செய்ய வேண்டியது அந்த வேலைதான் என்ற தென்திசையின் வாதத்தை ஏற்கிறேன். பழி சுமத்தப்பட்டவருக்காக மேலிருப்பவர் பேச வேண்டும் என்று நெய்தல் சொன்னதும் அதே வாதத்தின் மறுபக்கம்தான்.

கொடி விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் ஆறவில்லை. துளையின்போது பழி சுமத்தப்பட்டவருக்குப் பரிந்து பேச ஒரு லூடர்ஸ் இருந்தார், ஒதேசாக்காரருக்கு ஒரு கேப்டன் இருந்தார். அந்தக் கலத்தில் உக்ரைனியர் யாரும் இல்லை. 15 நாடுகளின் ஒப்பந்தத்தில் உக்ரைன் இல்லை. அவர்கள் சார்பில் பேச வேண்டிய கடமை யாருக்கும் எழுத்தில் இல்லாததால்தான் அந்த மூன்று நாட்கள் ஆயின என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த நிலையத்துக்கான நடத்தை விதிகளை எழுதுபவர்கள், கலத்தில் இல்லாதவரை அவமதிக்கும் செயலையும் அதே விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை. தென்திசை இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

தென்திசை

ஏற்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அப்படி ஒரு செயல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், யார் பெயரில் மறுப்பு வெளிவர வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும், அதைக் குழுவின் கமாண்டர் தலையில் கட்டாமல் தரையில் இருக்கும் கூட்டுக் குழுவின் பொறுப்பாக்க வேண்டும். 2022 ஜூலையில் கமாண்டர் அர்தெமியெவே என்பதை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.